விளக்கின் கடன்

கம்பம் பள்ளத்தாக்கின் பங்கு ஒன்றில் நாம் பணிபுரிந்த காலத்தில், நற்கருணைப் பேழையருகே எரியும் அணையா விளக்கை எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு மாற்றினோம். அவ்விளக்குக்கு எண்ணெயையோ மெழுகையோதான் வழிபாட்டு ஒழுங்கு விரும்புகிறது என்பதை நாம் அறியாதவர் அல்லோம். ஆயினும் எலிகள் இரவுதோறும் எண்ணெயைக் குடித்துத் திரியை இழுத்துப்போட்டன. பீடத் துணியில் கறை படிந்தது. சிவப்புக் கண்ணாடிக்குள் சிறு பல்பு ஒன்றைப் பொருத்தியதும் தொல்லை தீர்ந்தது என்று மகிழ்ந்தோம்.

அதுவரை எண்ணெய் தருவது குடும்பங்களின் முறை. உபதேசியாரிடம் நீண்ட கணக்கு நோட்டு ஒன்று இருந்தது. இந்த வாரம் இன்னார் வீடு, அடுத்த வாரம் இன்னார் வீடு என்று ஆண்டு முழுவதற்கும் அதில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். பல்பு வந்ததும் நோட்டு அலமாரிக்குள் போயிற்று. சில வாரங்கள் கழித்து, தம் முறைக்கு எண்ணெய் கொண்டுவந்து ஏமாந்து நின்ற மூதாட்டி ஒருவர் பீடத்தைப் பார்த்தபடி நம்மிடம் கேட்டார்:

“சாமி, இப்ப எரியிறது யார் வீட்டு எண்ணெய்?”

“அது கரண்டு, பாட்டி.”

“அது தெரியுது சாமி. யாரு குடுத்தது?”

மின்கட்டணத்தைப் பங்கு நிதியிலிருந்து கட்டுகிறோம் என்றோம். அவர் தலையசைத்துவிட்டு எண்ணெய்ச் செம்போடு திரும்பிப் போனார். நம் விடை அவர் வினாவுக்கு உரியதன்று என்பது அவர் வாசலைத் தாண்டுமுன்பே நமக்குத் தெரிந்துவிட்டது. விலை கொடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை; யார் கொடுத்தது என்றுதான் கேட்டார்.

அறநெறி இறையியலில் கொடுக்கல் வாங்கல் நீதி என ஒன்று உண்டு. பொருளுக்கு உரிய விலையைச் செலுத்தினால் கடன் தீர்ந்தது, இருவரும் சமம். குருமடத்தில் இதை மனப்பாடமாகவே படித்தோம். மளிகைக் கடையில் இது பொருந்தும். மின்சாரத்துக்கு இது முழுவதும் பொருந்துமா என்பதே நம் ஐயம்.

பள்ளத்தாக்கில் வாழும் எவரும் மூதாட்டியின் வினாவுக்கு முதலில் சொல்லக்கூடிய விடை, “லோயர் கேம்ப்” என்பதுதான். குமுளி மலைச்சாலையில் ஏறியவர்கள் அந்த நான்கு ராட்சதக் குழாய்களைக் கண்டிருப்பார்கள். தேக்கடி ஏரியின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கி வந்து, அக்குழாய்களில் இறங்கி, ஆயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்திலிருந்து பாய்ந்து சுழலிகளைச் சுற்றுகிறது. 1958-இல் இயங்கத் தொடங்கிய இந்நிலையம், நான்கு மின்னாக்கிகளும் அமைந்தபோது 140 மெகாவாட் திறன் பெற்றிருந்தது. பின்னர் அத்திறன் உயர்த்தப்பட்டது. மேகமலைப் பக்கத்து நீரைக் கொண்டு 1978 முதல் இயங்கும் சுருளியாறு நிலையம் 35 மெகாவாட் திறனுடையது. வைகை அணையிலும் சிறு நிலையம் ஒன்று உண்டு.

லோயர் கேம்ப் நிலையத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அது விளக்குக்காகத் திறக்கப்படும் நீரில் இயங்குவதன்று; வயலுக்காகவும் குடிநீருக்காகவும் திறக்கப்படும் நீரில் இயங்குவது. அணையில் நீர் போதிய அளவு இருந்தால் ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு நீர் விடுவார்கள். விநாடிக்கு 400 கன அடி விட்டால் ஏறத்தாழ 36 மெகாவாட் கிடைக்கும். கோடையில் குடிநீருக்கென 100 கன அடி மட்டும் விடும்போது சுழலிகள் நின்றுவிடும். அந்நீர் குழாயில் இறங்காமல் இரைச்சல்பாலம் வழியாகக் கீழே வரும். அங்கே நின்று பார்த்தவர்களுக்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும். மின்சாரமாகாத வலிமை முழுவதும் அங்கே வெறும் இரைச்சலாகிறது.

ஆனால் பீடத்தருகே எரிந்த பல்பு லோயர் கேம்ப்பின் பல்பு என்று சொல்வதும் சரியாகாது. மின்சாரம் அருகிலுள்ள வீட்டுக்கென்று தனியே பிரிந்து வருவதில்லை. மாநிலத்தின் எல்லா நிலையங்களும் ஒரே தொகுப்பில் ஊற்றுகின்றன. எல்லா வீடுகளும் அதே தொகுப்பிலிருந்து முகக்கின்றன. அத்தொகுப்பின் கலவையோ பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று கம்பம் கணவாய் வழியே வீசும் மாதங்களில் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கத்துக் காற்றாலைகள் ஓயாமல் சுழல்கின்றன. அதே காற்றுத்தான் மலைக்கு மேற்கே மழையாகி அணையை நிரப்புகிறது. ஆகவே நமக்கு நீரும் காற்றும் ஒன்றாக வரும், ஒன்றாகவே ஓயும். தமிழகத்தின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தும், நீர்மின் திறன் 2,300 மெகாவாட் அளவில் இருந்தும், காற்று ஓய்ந்த மாதங்களின் இரவுகளில் பெரும்பாரம் அனலின் மீதும் அணுவின் மீதுமே விழுகிறது. பகலுக்குச் சூரியன் உண்டு. கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைந்தது. அந்தி சாய்ந்தபின் அதுவும் இல்லை. அணையா விளக்கோ இரவெல்லாம் எரிய வேண்டும்.

அப்படியானால் அந்தப் பாட்டிக்கு எத்தனை பெயர் சொல்ல வேண்டியிருக்கும்! தூத்துக்குடியிலும் எண்ணூர்ப் பகுதியிலும் எரியும் நிலக்கரி ஒடிசாவின் சுரங்கங்களிலிருந்து கப்பலேறி வருகிறது. அதை வெட்டியவர் முகத்தை நாம் கண்டதில்லை. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி, ஒரு காலத்தில் உழுதுண்டவர்களின் நிலத்துக்கு அடியில் கிடந்தது. 2023 ஜூலையில், சுரங்கத்தின் கால்வாய்ப் பணிக்காக, வளையமாதேவியில் நட்டு வளர்ந்த நெற்பயிரின் மீதே மண்வாரி இயந்திரங்கள் ஓடின. அந்நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் வழங்கப்பட்டது என்றனர். சட்டப்படி அது சரியாயிருக்கலாம். பச்சைப் பயிரை உருட்டி நசுக்கும் காட்சியைக் கண்ட உழவர் எவருக்கும் அந்த விடை போதவில்லை, நமக்கும் போதவில்லை. கூடங்குளத்தின் இரண்டு உலைகள் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறனுடையவை. முதல் உலை 2013-இல் மின்தொகுப்போடு இணைந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் இடிந்தகரை லூர்து மாதா கோயில் முற்றத்தில் மீனவப் பெண்கள் அமர்ந்து நோன்பிருந்ததை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவர்களின் அச்சம் அறிவியலுக்கு ஒத்ததா என்ற வழக்கினுள் நாம் இங்கே புகவில்லை. 2012-இல் சென்னை நீங்கலான மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேலாக மின்வெட்டு நிலவியபோது, உலை எப்போது திறக்கும் என்று நம் பள்ளத்தாக்கில் கேட்காதவர் இல்லை. அவர்களின் அச்சமும் நம் இருட்டும் ஒரே தராசில் வைக்கப்பட்டன. தட்டு நம் பக்கம் தாழ்ந்தது. அதை மட்டும் நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும்.

(அந்நாள்களில் நம் சிவப்புப் பல்பும் அணைந்தே கிடந்தது. உபதேசியார் ஒன்றும் பேசாமல் பழைய எண்ணெய் விளக்கைத் துடைத்து ஏற்றிவைத்தார். மின்வெட்டு நீங்கியதும் மறுபடி பல்புக்கே திரும்பினோம்.)

தொலைவிலுள்ளவர்களிடம் பட்ட கடனைப் பற்றிப் பேசுவது எளிது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், வளம் மிக்க நாடுகள் வறிய நாடுகளுக்குப் பட்டுள்ள சூழலியல் கடனைப் பற்றி எழுதியபோது நாமெல்லாம் மனமுவந்து கைதட்டினோம். பிறர் பட்ட கடனுக்குக் கைதட்டுவதில் செலவொன்றுமில்லை. நம் பள்ளத்தாக்கின் கடன் தொலைவில் இல்லை. பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அதனாலேயே அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முல்லைப் பெரியாற்று ஒப்பந்தம் 1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கில அரசுக்கும் இடையே ஏற்பட்டது. நீர் தேங்கும் 8,000 ஏக்கருக்கு ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் ஆண்டு வாடகை. காலம் 999 ஆண்டு. பென்னிகுக் கட்டிய அணை 1895-இல் முடிந்தது. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆறு கிழக்கே திரும்பி நம் நிலத்தை நனைத்தது. பின்னர் சென்னை அரசு அதே நீரில் மின்சாரமும் எடுக்க எண்ணியது. திருவிதாங்கூர் மறுத்தது: பாசனத்துக்கென்று தந்த நீரை வேறொன்றுக்குப் பயன்படுத்தலாகாது என்றது. இரு தரப்பு நடுவர்களும் ஒத்துப்போகாமையால் வழக்கு மேல்நடுவரிடம் சென்றது. 1941-இல் அவர் திருவிதாங்கூரின் பக்கமே தீர்ப்பளித்தார். நாடு விடுதலை பெற்றபின் பேச்சுகள் தொடர்ந்தன. நிலையம் இயங்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, 1970 மே 29-இல் கேரளத்துடன் துணை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று. மின்சாரத்துக்கும், 1954-ஆம் ஆண்டு முதலே கணக்கிட்டு, ஒரு கட்டணம் ஏற்கப்பட்டது: ஆண்டுக்கு 35 கோடி யூனிட் வரை, ஒவ்வொரு 8,760 யூனிட்டுக்கும் 12 ரூபாய். அதாவது ஒரு ரூபாய்க்கு 730 யூனிட்.

இந்தத் தொகையைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள், சிலர் சினப்பார்கள். நமக்கு இரண்டும் தோன்றவில்லை. தொகை சிறியதுதான். ஆனால் அது எதற்காகத் தரப்படுகிறது என்பதே அறநெறி மாணவனுக்குச் சுவையான வினா. சென்னை அரசின் நிலை புரிந்துகொள்ளக் கூடியது. வயலுக்கு வரும் நீர் எப்படியும் மலையிறங்கியே வரவேண்டும். வழியில் ஒரு சுழலியைச் சுற்றிவிட்டுப் போனால் அந்நீரில் ஒரு துளியும் குறையாது. குறையாத பொருளுக்குக் கடன் ஏது?

பதினான்காம் நூற்றாண்டில் திருச்சபையை உலுக்கிய வழக்கொன்று இங்கே நம் நினைவுக்கு வருகிறது. அசிசியாரின் சபைத் துறவிகள், “எங்களுக்கு உடைமை எதுவும் இல்லை, உணவும் உடையும் திருச்சபையின் உடைமை, எங்களுக்கு உள்ளது வெறும் பயன்பாடே” என்ற நிலையில் இருந்தனர். திருத்தந்தை 3-ஆம் நிக்கோலாஸ் 1279-இல் அதை ஏற்றார். 1322-இல் திருத்தந்தை 22-ஆம் யோவான் அதை மறுத்தார்: பயன்படுத்தும்போதே அழிந்துபோகும் பொருளில் பயன்பாட்டையும் உடைமையையும் பிரிக்க முடியாது, அப்பத்தை உண்டவன் அப்பத்துக்கு உடையவனாகவே உண்டான் என்பது அவர் கருத்தின் சாரம். வீட்டில் குடியிருப்பது வேறு, கோதுமையை உண்பது வேறு என்று அக்குவினா தோமையாரும் முன்பே பிரித்துக் காட்டியிருந்தார். குருமடத்தில் இதைப் படித்தபோது துறவிகளின் சொற்போர் என்றே எண்ணினோம். லோயர் கேம்ப்பில் நின்று பார்த்தபோதுதான் அது நம் வீட்டு வழக்கு என்று தெரிந்தது. நிலக்கரி கோதுமையைப் போன்றது, எரித்தால் தீர்ந்தது. ஆற்றுநீர் வீட்டைப் போன்றது. குடியிருந்துவிட்டு அப்படியே அடுத்தவரிடம் ஒப்படைக்கலாம். எல்லா மின்சாரத்திலும் நீர்மின்சாரமே குற்றமற்றது என்று நாம் நெடுங்காலம் நம்பி வந்ததும் இதனால்தான்.

ஆனால் அது முழு உண்மையன்று. சுழலியில் குறைவது நீரன்று, நீரின் உயரம். ஆயிரம் அடி மேலே இருந்த நீர் இப்போது கீழே இருக்கிறது; அந்த உயரத்தை உண்டே விளக்கு எரிகிறது. உயரம் ஒருமுறைதான் செலவாகும், அப்பத்தைப் போல. எப்படியும் விழவேண்டிய நீர்தானே, இரைச்சல்பாலத்தில் வெறும் ஓசையாய்ப் போவதைவிட ஒளியாய்ப் போகட்டுமே என்று 1941-இல் சொல்லியிருக்கலாம். அன்று அதற்கு வலு உண்டு. 1976-இல் இடுக்கி நிலையம் இயங்கத் தொடங்கியபின் நிலைமை மாறிற்று. கிழக்கே வராத பெரியாற்று நீர் மேற்கே இடுக்கி நீர்த்தேக்கத்தைச் சேர்ந்து, மூலமற்றத்தின் 780 மெகாவாட் நிலையத்தில் விழும். ஆகவே நம் வயலை நனைத்து நம் விளக்கை ஏற்றும் ஒவ்வொரு கன அடியும் அவர்கள் ஏற்றாமல் விட்ட விளக்கு. வயலுக்கு நீர் வேண்டும் என்ற நம் உரிமையில் நமக்கு ஐயமில்லை. இலட்சக்கணக்கானோர் உணவும் குடிநீரும் அதைச் சார்ந்தவை. உரிமை இருக்கும் இடத்தில் கடன் இராது என்று எண்ணுவதே தவறு. பெற்ற பிள்ளைக்குத் தாயின் பால்மீது உரிமை உண்டு. அதனால் அவன் தாய்க்குக் கடன்படாதவன் ஆகிவிடுவானா?

நம் மக்கள் நன்றி அறியாதவர் அல்லர். ஜனவரி 15-ஆம் நாள் பென்னிகுக் பிறந்தநாளில் பள்ளத்தாக்கே பொங்கல் வைக்கிறது. அவர் படம் இல்லாத ஊர் அரிது. லோயர் கேம்ப்பில் 2013-இல் மணிமண்டபமும் எழுந்தது. மறைந்து நூறாண்டு கடந்த ஆங்கிலேயருக்கு நன்றி சொல்லத் தெரிந்த நமக்கு, மலைக்கு அப்பால் உயிரோடிருக்கும் அயலாருக்கு ஒரு சொல் சொல்ல வாய் வரவில்லை. இதில் நாமும் விலக்கல்லோம்.

1979-இல் அணையின் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. 2014 மே மாதத்தில் மீண்டும் அதை உறுதி செய்தது. அவ்வாண்டு நவம்பரில், 35 ஆண்டுகளுக்குப் பின், நீர் 142 அடியைத் தொட்டது. பள்ளத்தாக்கில் வெடி வெடித்தார்கள், இனிப்பு வழங்கினார்கள். அந்த ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டில் நாமே ஒரு நன்றியைச் சேர்த்து, அணை நிறைந்ததற்காக இறைவனைப் புகழ்ந்தோம். மக்கள் உரத்த குரலில் மறுமொழி சொன்னார்கள். திருப்பலி முடிந்ததும், ஏலத்தோட்ட வேலைக்கு நாள்தோறும் ஜீப்பில் மலையேறும் பெண் ஒருவர் சக்கிறிஸ்து அறைக்கு வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“சாமி, நான் வேலை பார்க்கிற வீட்டம்மா இந்த வாரம் புள்ளைங்களை அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ராத்திரி மழை பேஞ்சா ஒடஞ்சிருமோன்னு தூக்கமே இல்லையாம். அவங்களும் நம்ம வேதந்தான் சாமி. அவங்க கோயில்லயும் ஜெபம் பண்ணினாங்களாம்.”

“என்ன ஜெபம்?”

“தண்ணி குறையணும்னு.”

அணை வலுவாயிருக்கிறது என்று வல்லுநர் குழு ஆராய்ந்து சொல்லியிருக்கிறது, நீதிமன்றமும் ஏற்றிருக்கிறது, நாமும் அதை நம்புகிறோம். வண்டிப்பெரியாற்றிலும் உப்புத்தறையிலும் ஆற்றங்கரையில் படுத்திருக்கும் தாய்க்கு அந்த அறிக்கை தூக்கம் தருவதில்லை. நம் நம்பிக்கையால் நம் உறக்கம் கெடவில்லை, அவ்வளவுதான். 2011 டிசம்பரில் எல்லைச் சாலை அடைபட்டு, தோட்டங்களிலிருந்து நம்மவர் அஞ்சி இறங்கி வந்தபோது, அவர்கள் அச்சத்தை வெறும் அரசியல் என்றே நாம் மறையுரையில் சொன்னோம். அரசியலும் இருந்தது. ஆனால் ஓர் அச்சத்தை அரசியல் பயன்படுத்துகிறது என்பதால் அது பொய்யாகிவிடாது. இடிந்தகரையைப் பற்றிச் சென்னையில் இருந்தவர்கள் சொன்னதைத்தான் நாமும் வண்டிப்பெரியாற்றைப் பற்றிச் சொல்லியிருந்தோம்.

ஒரே அளவுகோலின் முன் நின்று, ஏறட்டும் என்று ஒரு கோயிலும் இறங்கட்டும் என்று ஒரு கோயிலும் மன்றாடும்போது இறைவன் யாருக்குச் செவிசாய்ப்பார் என்பது நமக்குத் தெரியாது. கெரார்ப் பள்ளத்தாக்கில் ஈசாக்கின் ஆள்கள் தோண்டிய கிணறுகளுக்குச் சண்டை என்றும் பகை என்றும் பெயர் விழுந்ததைத் தொடக்க நூல் சொல்கிறது. ஈசாக்கு அவ்விடங்களை விட்டு நகர்ந்து வேறு கிணறு தோண்டினார். நமக்கு அது இயலாது. நகர வேறு மலையும் இல்லை, வேறு பள்ளத்தாக்கும் இல்லை. 730 யூனிட்டுக்கு ஒரு ரூபாயை அரசு செலுத்திக்கொண்டிருக்கட்டும். கூட்டிக் கேட்டால் கூட்டியும் கொடுக்கட்டும். அந்த ரூபாய், இது எங்களுடையதாக மட்டும் இருக்கவில்லை என்ற ஒப்புதல். அந்த அளவில் 1886-இன் ஒப்பந்தத்தைவிட 1970-இன் ஒப்பந்தத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் அரசுக்கு அரசு செலுத்தும் பணத்தில், அந்த வீட்டம்மாவின் தூக்கமில்லா இரவு எந்த வரிசையிலும் எழுதப்படுவதில்லை. அதை எழுத வேறு நோட்டுத்தான் வேண்டும்.

அடுத்த வாரம் உபதேசியாரிடம் சொல்லி அலமாரியிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தோம். பல்பைக் கழற்றினோம், எலிகளுக்கு வேறு வழி செய்தோம். குடும்பங்களின் பெயரை மறுபடி வரிசையாக எழுதுகையில், ஜூன் முதல் வாரத்தை, மதகு திறக்கும் வாரத்தை, எவருக்கும் கொடாமல் வைத்து, “மலைக்கு மேலே உள்ளவர்கள்” என்று எழுதச் சொன்னோம். உபதேசியார் எழுதிவிட்டுப் பேனாவை மூடாமல் கேட்டார், “அவங்களுக்குப் பதிலா எண்ணெய் யாரு கொண்டாருவா சாமி?”

மூதாட்டி தாமே கொண்டுவருவதாகச் சொல்லியனுப்பினார். சொன்னபடி ஜூன் முதல் ஞாயிறன்று செம்போடு வந்தார். வழக்கமாக அவர் கொண்டுவருவது நல்லெண்ணெய். அன்று மணம் வேறாக இருந்தது. நாம் செம்பைப் பார்த்ததும் அவரே சொன்னார்:

“அங்கே தேங்கா எண்ணெய்தானே சாமி?”